சோலைப்பாடியின் தொண்டைக்குள் கம்ப்யூட்டர்

க்ளாத்தென்
ஞாயிறு தொடங்கி மறுவாரப் புதன் வரை எழுதியது

லாம்புங்கில் இருக்கும் என் அன்புத் தம்பி சுபர்லானுக்கு, உன் அக்கா போனியெமின் கணவன் வகிமின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மனைவி மக்களும், உன் கூண்டுகளில் இருக்கும் அத்தனை பறவைகளும் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக. இங்கே நான் நலம். உன் அக்கா நலம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை. இது நானே என் கையால் எழுதுகிற கடிதம். கிராம அலுவலகத்து வகுப்பில் எண்டாங் டீச்சர் எனக்கு எழுபத்தொரு வயதில் எழுத்து சொல்லிக் கொடுத்தார். ஆகவே இதில் உள்ள பிழைகள் எல்லாம் என் சொந்தப் பிழைகள். யாருக்கும் அதில் பங்கு கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நீ சோலைப்பாடிக் குஞ்சை என்னிடம் விட்டுப் போகும்போது, "மச்சான், இதுக்கு நல்லாப் பாடக் கத்துக் குடுங்க. பாட ஆரம்பிச்சதும் நான் வந்து எடுத்துட்டுப் போறேன், பெரிய போட்டிக்கு விடணும்" என்று சொன்னாய். நான் சரி என்றேன். அப்போது அது முட்டைக்குள்ளிருந்து நேற்று வந்த மாதிரி இருந்தது, சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது. இப்போது என் விரலிலிருந்து வெட்டுக்கிளி வாங்கித் தின்கிறது, நான் இருமினால் திரும்பிப் பார்க்கிறது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பாடம் சொல்லிக்கொடுக்க என் மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மற்றவர்கள் செய்வது போல நானும் சிள்வண்டு, மரங்கொத்தி, சாம்பியன் பறவைகளின் குரல் எல்லாவற்றையும் அதில் ஏற்றி, சின்ன ஒலிபெருக்கியில் கூண்டுக்குப் பக்கத்தில் காலையும் மாலையும் ஓடவிட்டேன். பறவை கெட்டிக்காரப் பறவை, நான்கு மாதத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான் தம்பி. அது எனக்கு அப்போது தெரியவில்லை, பஞ்சாயத்து மைதானத்தில் நடந்த பயிற்சிப் போட்டிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. இருபது கூண்டு வரிசையாகத் தொங்குகிறது, கொடி பிடித்த நடுவர் ஒவ்வொரு கூண்டாக வருகிறார், நம் பறவை வாலைத் தூக்கி மரங்கொத்தி மாதிரி அருமையாகத் தட்டுகிறது, எனக்கு மார்பு விரிகிறது, அடுத்து அது "டிங்" என்றது. மெசேஜ் வரும்போது கம்ப்யூட்டர் போடும் அதே "டிங்". மைதானத்தில் இருந்த எல்லாரும் சட்டைப் பையைத் தடவினார்கள், நடுவர் உட்பட. நடுவர் போனைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் பறவை "ம்ம்ம்ங்ங்" என்று கரண்டு ஓடும் இரைச்சலைப் பாடியது. பிறகு ஒரு சாம்பியன் வரியைப் பாடி, அதையே கொஞ்சம் மெதுவாக இன்னொரு முறை பாடி, அதையே இன்னும் மெதுவாக மூன்றாம் முறை பாடி, எதிரொலியோடு முடித்தது.

"பாக் வகிமின், உங்க குருவிக்கு சார்ஜர் போட்டு விட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான். "குருவி இல்லப்பா, கிணத்துக்குள்ள விழுந்த குருவி!" என்றான் இன்னொருவன். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது. வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். அவள், "தம்பி கேட்டா என்ன சொல்லுவீங்க? பாடச் சொல்லிக் குடுக்கச் சொன்னான், நீங்க மிசினாவே ஆக்கி வச்சிருக்கீங்க" என்றாள்.

ஆண்டவன் கருணை, அந்த வாரமே பறவை இறகு உதிர்க்கத் தொடங்கியது. இறகு மாற்றும்போதுதான் அது பழசை மறந்து புதுசு கற்கும் என்பது உனக்கே தெரியும். எனக்கு மூன்று மாதம் கிடைத்தது. சந்தையில் ரேடியோவும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கிற தர்யோனோவைக் கூட்டி வந்தேன். அவர் ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பாக், சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளயே பொறந்தா அதோட வயித்து இரைச்சலும் சேந்துதான் வரும். வெளியில பொறக்க வைக்கணும்" என்றார். யூஎஸ்பி ஓட்டையில் சொருகுகிற, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ஒலிப்பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். பாதி இரைச்சல் போயிற்று. நான் கூண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்த மூன்று மீட்டர் ஒயரை எடுத்துவிட்டு முழ நீளத்தில் கெட்டியான ஒயர் போட்டார். கொஞ்சம் போயிற்று. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினார். மிச்சமும் போயிற்று. ஆனால் நடுநடுவே "டக்" என்றது. அது எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாள் தேடினோம். அடுப்படியில் சோறு ஆக்குகிற குக்கர். ஒலிபெருக்கியும் அதுவும் ஒரே கரண்டுப் பலகையில் இருந்தன.

"அம்மா, பாடம் நடக்கும்போது குக்கர் போடாதீங்க" என்றார் தர்யோனோ.

"குருவி படிக்கணும்னா மனுசங்க பட்டினி கெடக்கணுமா? உங்க குருவியவே சோறாக்கச் சொல்லுங்க" என்றாள் உன் அக்கா. கடைசியில் ஒலிபெருக்கிக்கு முன்னறையில் வேறு பலகை போட்டோம். குக்கர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவள் ஜெயித்தாள் என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

"டிங்" சத்தத்தைத் தர்யோனோ ஒரு நொடியில் நிறுத்தினார். எதிரொலிதான் போகவில்லை. பெட்டியை மாற்றினார், ஒயரை மாற்றினார், சுவரில் பாய் தொங்கவிட்டார், ஊஹூம். "உங்க வீட்டுக் கூரைதான் காரணம் பாக், பிரிச்சுட்டு வேற போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூரைக்குக் கீழே நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒலி என்று எழுதியிருந்த இடத்தைத் திறந்து, முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மத்தியானம் லுகர் தொழுகை முடித்து உட்கார்ந்தவன், சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும்போது நான்காவது பக்கத்துக்கு வந்திருந்தேன். அங்கே "மண்டபத்தில் கேட்பது போல்" என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் டிக். அந்த டிக்கை எடுத்தேன். எதிரொலி நின்றது.

தம்பி, நான் பறவையைப் பார்த்தேன், பறவை என்னைப் பார்த்தது. மறுநாள் தர்யோனோ வந்து, "அந்தப் பக்கத்த நான் பத்து தடவ தொறந்திருப்பேனே!" என்று தலையில் கை வைத்தார். அவர் படிக்கத் தெரிந்தவர், அதனால் படிக்கவில்லை. எனக்கு வேறு வழியில்லை, ஒரு வார்த்தையையும் தாண்டிப் போக எனக்கு இன்னும் தெரியாது. அன்று முழுவதும் நான் பார்க்கிறவரிடமெல்லாம் அதைச் சொன்னேன். எண்டாங் டீச்சர் வகுப்பிலேயே எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

இப்போது இறகு முழுதாக வளர்ந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை முதல் பாடுகிறது. இரைச்சல் இல்லை, டிங் இல்லை, எதிரொலி இல்லை. மரங்கொத்தி என்றால் மரங்கொத்தி, சிள்வண்டு என்றால் சிள்வண்டு. ஆகவே வாக்குப்படி எழுதுகிறேன்: உன் பறவை தயார். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள். அது வெட்டுக்கிளியைக் கால் பிய்த்துக் கொடுத்தால்தான் தின்னும். குளிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. இருமினால் திரும்பிப் பார்க்கும், அப்போது நீயும் ஒரு வார்த்தை பேசு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு நாங்கள் இருவரும் சலாம் சொன்னதாகச் சொல். உன் வீட்டில் நோயும் கூண்டுகளில் பூனையும் நுழையாமல் இறைவன் காப்பானாக.

இப்படிக்கு,
உன் அக்கா கணவன்
வகிமின் (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்த பிறகு தர்யோனோ வந்தார். "பாக், இவ்வளவு செஞ்சாச்சு, பதிவு மட்டும் ஏன் கம்ப்யூட்டர்ல எடம் மிச்சம் பிடிக்க நசுக்கின பதிவா இருக்கணும்?" என்று நசுக்காத அசல் பதிவு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஒலிபெருக்கியைத் தேங்காய்நார் மெத்தைமேல் கூண்டின் உயரத்துக்கு ஏற்றி வைத்தார். தம்பி, அந்த மாதிரி சத்தத்தை நான் காட்டில்கூடக் கேட்டதில்லை. உன் அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்து கூரையில் பறவையைத் தேடினாள். பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. நம் பறவை வாலைத் தாழ்த்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. இன்றோடு ஆறு நாள், ஒரு சத்தம் இல்லை. தர்யோனோ, "தன்னைவிடப் பெரிய ஆளு வீட்டுக்குள்ள வந்துட்டான்னு நெனச்சு அடங்கிப்போச்சு பாக்" என்கிறார். பாடாத பறவையைக் கப்பலேற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோய் நீ என்ன செய்யப் போகிறாய்? சனிக்கிழமை சும்மா வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்கிறாள் உன் அக்கா. நானும் பறவையும் காலையில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து கேட்கிறோம், மூன்றாவது ஆளுக்கும் இடம் இருக்கிறது. பழைய நசுக்கின பதிவைத் திரும்பப் போட்டால் அதற்குத் தைரியம் வந்து பாடும் என்று தர்யோனோ சொல்கிறார். போட வேண்டும். அதற்கு அந்தப் பதிவின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும், அங்கே நானூறு பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயரிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.