இடது கன்னத்தில் ஒரு சிட்டிகை

மாலதி சொன்ன இந்தக் கதையை நான் நாலு வருஷம் முழுசாக நம்பவில்லை. நம்பாததற்கான காரணமும் என் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. இருந்தும் கேட்க வாய் வரவில்லை. ஜெயித்தவளைக் குறுக்கு விசாரணை செய்ய நான் யார்?

2008-இல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்ததும், அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் என் அடுத்த வீட்டுத் தங்கராசு பீடியை விட்டான். எங்கள் வீட்டு வரிசையே பாராட்டியது. மறுநாளே புகையிலையைக் கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

"நெஞ்சு படபடங்குதுன்னு டாக்டர்கிட்ட போனது யாரு மாமா? இதையும் உடச் சொன்னாருல்ல?" என்றாள் அவன் மனைவி மாலதி.

"பொகைதாண்டி நெஞ்சுக்குப் போவும். இது கன்னத்தோட சரி."

"கன்னத்துல ரத்தம் ஓடலியா? அது வழியா எறங்கி ரத்தக் கொழாயச் சுருக்குதாம். இருதயம் செக்கு மாடாட்டம் இழுக்கணுமாம். ஒரு நாளு நின்னுபோச்சின்னா நான் என்னா செய்வேன்?"

"போடுறதுக்கு முன்னாடி பிரஷர் பாரு, போட்டப்புறம் பாரு. ஏறுனா இத நான் தொடமாட்டேன். நடராஜர் மேல சத்தியம். ஏறலன்னா நீ பேசக் கூடாது."

எங்கள் வரிசையில் பிரஷர் மெஷின் என்னிடம் மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் மாலதி வந்தாள். "குடுங்கண்ணே, நாளைக்கி மாமாவுக்குப் பரிட்ச."

ஞாயிறு காலை தங்கராசு புதுமாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான். கால் மணி முன்பே கொல்லைப் பக்கம் போய், ஒரு சிட்டிகையை இடது கன்னத்தில் ஒளித்தாயிற்று. ஏற வேண்டியது முன்பே ஏறிவிட்டால் அப்புறம் எங்கே ஏறும்?

"டிபன் என்னா செய்யட்டும் மாமா?"

"ம்ஹூம்."

"பயமா இருக்கா?"

"ம்ஹூம்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அடுத்தடுத்து இரண்டு கேள்விக்கு அவன் வாய் திறக்காதது அன்றுதான். மாலதி அவன் கன்னத்தைப் பார்த்தபடியே கையில் பட்டையைக் கட்டினாள். 158. பிறகு அவன் பகிரங்கமாக ஒரு சிட்டிகை போட்டான். பத்து நிமிஷம் கழித்து, 156.

"பாத்தியாடி! ரெண்டு கொறஞ்சிருக்கு! மருந்துடி இது!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

மாலதி காலண்டர் தாள் ஒன்றை நீட்டினாள். "ஒரு வாரமா மத்தியானம் நீங்க தூங்குறப்ப கட்டிப் பாத்து எழுதி வெச்சேன். 128, 126, 130... இன்னிக்கி மட்டும் போடுறதுக்கு முன்னாடியே 158 எப்பிடி மாமா?"

தங்கராசு தாளைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். "அதான்! வாரம் பூரா யாரோ கையப் புடிச்சி நெரிக்கிறாப்ல கனா வந்துச்சி!" என்றான். அடுத்த நொடி குரல் இறங்கியது. "அப்ப... ஒரு சிட்டிகைக்கே முப்பதா ஏறுச்சி?"

கை தானாக நெஞ்சுக்குப் போனது. கால் கொல்லைக்கு ஓடியது. துப்பினான். பொட்டலத்தையும் சாக்கடையில் எறிந்தான்.

அதோடு சரி. நாலு வருஷமாகத் தொடவில்லை. போன மாதம் கடலூர் சில்வர் பீச்சில் அவன் விறுவிறுவென்று முன்னால் நடக்க, மாலதியும் நானும்தான் மூச்சு வாங்கினோம். அப்போதுதான் துணிந்து கேட்டேன்:

"ஏம்மா மாலதி, எங்கிட்ட மெஷின் வாங்குனது சனிக்கெழம சாயங்காலம். அதுக்கு முந்தி ஒரு வாரம் எதுல பாத்த?"