வண்டி தடா தாண்டியாச்சு

நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு இன்ஜினியரிங் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது யாவரும் அறிந்ததே. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் அந்த மாணவர்களைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பைப் பேராசிரியர் வெங்கடேசன் ஏற்றிருந்தார். அவர் தலைமையில் கல்லூரியின் 'தொழில்முனைவோர் மேம்பாட்டு மையம்' நான்கு வருடங்களாகச் சீரும் சிறப்புமாக இயங்கியது. ஏசி இருந்தது. வட்ட மேஜை இருந்தது. தொழில்முனைவோர்தான் இல்லை.

அப்போது அகப்பட்டாள் மூன்றாம் ஆண்டு மாணவி, ஆரம்பாக்கத்துச் சோனியா.

அவள் செய்த குற்றம் சின்னதுதான். அவளுடைய அம்மா ஹெலனுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, மதிய ஷிப்ட். கம்பெனி பஸ் ஆந்திரப் பக்கமிருந்து வரும். ஒருநாள் ஒரு மணிக்கு, மறுநாள் ஒன்றரைக்கு. பெண்கள் ஹைவே ஓரம் வெயிலில் காய்வார்கள். சோனியா ஒரு ஆப் எழுதினாள். டிரைவர் ராஜமாணிக்கம் எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது போனில் ஒரு பட்டனைத் தட்டுவார். 'வண்டி தடா தாண்டியாச்சு' என்று எல்லாப் பெண்களுக்கும் செய்தி போகும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்பட்டால் சரியாக இருக்கும். அறுபது பேர் ஆளுக்கு மாதம் பத்து ரூபாய் கொடுத்தார்கள். கேட்காமலே கொடுத்தார்கள் என்பதுதான் மையத்தை உலுக்கியது.

அவசரக் கூட்டம் கூடியது.

"உன் ஆப்ல ஒரு பெரிய குறை இருக்கும்மா," என்றார் வெங்கடேசன். "வேலை செய்யுது."

"அது குறையா சார்?"

"வேலை செஞ்சிட்டா அப்புறம் நாங்க எதை மேம்படுத்தறது? சரி, இதுல ஏஐ எங்க?"

"பஸ் எங்க இருக்குன்னு டிரைவரே சொல்லிடறாரு சார்."

வட்ட மேஜையைச் சுற்றி ஓர் அனுதாபச் சிரிப்பு பரவியது.

"டிரைவர் சொன்னா அது வெறும் தகவல். கம்ப்யூட்டர் யூகிச்சாத்தாம்மா டெக்னாலஜி."

ப்ராஜெக்ட் மார்க் மையத்தின் கையில் இருந்தது. சோனியா தலையாட்டினாள். அன்று ரயிலில் வீடு திரும்பும் வரை அந்தத் தலையாட்டல் அவளுக்குக் கசந்துகொண்டே இருந்தது.

ஆறு வாரங்களில் ஆப் 'மேம்பட்டது'. 'பஸ் வருது' என்ற பட்டிக்காட்டுப் பெயர் போய் 'மூவோரா' ஆயிற்று. தினம் ஒரு பொன்மொழி வந்தது. பட்டன் நீக்கப்பட்டது, பழைய நேரங்களைப் பார்த்து பஸ் எப்போது வரும் என்று கம்ப்யூட்டரே யூகித்துச் சொன்னது.

"நான்தான் வண்டிலயே குந்திகினு கீறேன்," என்றார் ராஜமாணிக்கம். "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா கொறஞ்சா பூடும்?"

அவர் 'காலாவதியான உள்ளீடு' என்பது அவருக்குப் பொறுமையாக விளக்கப்பட்டது.

அறிமுக விழா பதினொரு மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. மரபுப்படி பன்னிரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. திருவள்ளூரில் மூன்று கல்யாண மண்டபங்கள் வைத்திருக்கும் மணவாளன், அந்தத் தகுதியில், மென்பொருளின் எதிர்காலம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிறகு பெரிய திரையில் மூவோரா நேரலையாக ஒளிர்ந்தது. ஆரம்பாக்கம் ஸ்டாப்பில் ஆளுக்கு ஒன்றாக இருபத்துமூன்று பச்சைப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு மின்னின.

சோனியாவின் போன் அதிர்ந்தது. மேடை ஓரம் ஒதுங்கி எடுத்தாள்.

"இன்னாடி சோனியா," என்றாள் ஹெலன். "இன்னும் நாலு நிமிசம், நாலு நிமிசம்னே காட்டிகினு கீது. நாங்க வரச்சொல்லோ வண்டி பூட்ச்சாம்டி. இருவத்திமூணு பேரு நடுரோட்ல நிக்கிறோம். அர நாள் சம்பளம் கட்டுன்றான் சூப்பர்வைசரு."

சோனியா நேராகப் போய் வெங்கடேசனிடமிருந்து மைக்கை வாங்கினாள். "சார், பஸ் போயிடுச்சு. அந்தப் புள்ளிங்க எல்லாம் பஸ்ஸ விட்டவங்க. அதுல ஒண்ணு எங்கம்மா."

வெங்கடேசன் கனிவோடு மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பாருங்க! முன்னெல்லாம் ஒருத்தர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் ஆப்பைப் பார்த்தாங்க. இப்ப முக்கால் மணி நேரத்துல ஆளுக்கு நாப்பது தடவை! இடத்த விட்டு நகரவே இல்ல!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பெண்களை முன்னேற்றியதற்கான கேடயத்தை மணவாளன் சோனியாவின் கையில் திணித்தார்.

அவள் அதை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். லேபுக்குப் போய் கம்ப்யூட்டரின் யூகத்தை அழித்து, டிரைவரின் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்தாள். மறுநாள் மதியம் ஒரு பெண்ணும் பஸ்ஸைத் தவறவிடவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவளுக்கு மெமோ வந்தது: 'மையத்தின் முன் அனுமதியின்றி மென்பொருளை வேலை செய்ய வைத்தது ஏன்? மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

ஒழுங்கு தவறாத மையம். இருபத்துமூன்று பேரின் அரை நாள் கூலியைப் பறித்ததற்கு மட்டும் அது யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. அதற்குத்தான் கேடயம் கொடுத்தாயிற்றே.