மைக்கில் வந்த பாராட்டு

அரைகுறையாக மனோதத்துவம் கற்றவனைச் சொந்தபந்தம் கூடும் இடத்துக்கு அனுப்பவே கூடாது. (அந்த அரைகுறை நான்தான். அப்போது கற்றிருந்தது இரண்டே வகுப்பு.)

நானும் தாரணியும் கோவையில் ஆராய்ச்சி மாணவர்கள். கல்யாணமான புதிதில் ஒற்றை அறையில் குடித்தனம், நடுவில் இரண்டு லேப்டாப். பேச்சு ‘பால் வாங்கியாச்சுங்களா’ என்ற அளவுக்குச் சுருங்கியபோது, மணமான மாணவர்களுக்கென்று நடந்த ஸ்கீமா தெரபிக்குப் போனோம். சின்ன வயதில் மனதில் விழுந்த அச்சில்தான் பெரியவர்களான பிறகும் உறவுகளை வார்க்கிறோம், அந்த அச்சை அடையாளம் கண்டு மாற்றலாம் என்றார் ஆலோசகர் மேடம். இரும்பை அச்சில் வார்க்கும் பவுண்டரி ஊர்க்காரன் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. (புரியாமலே இருந்திருக்கலாம்.)

இரண்டாம் வகுப்பில் தாரணி அழுதுவிட்டாள்.

“பத்தாவதுல நான் ஸ்கூல் பர்ஸ்ட்டுங்க மேடம். ஓடிப்போய் அப்பாகிட்டச் சொன்னேன். ‘செரி, நூல் வண்டி வந்துருக்குது, போயிக் கேட்டைத் தெற’ன்னாரு. அப்பறம் யாருகிட்டயும் எதையும் சொல்லத் தோணறதில்லீங்க.”

மேடம் என்னிடம், “இந்த வாரம் அவங்க பேசறதைக் கேளுங்க. தீர்வெல்லாம் வேண்டாம். கேட்டாப் போதும்” என்றார்.

காதைக் கொடுப்பதெல்லாம் ஒரு வைத்தியமா? நான் நேராக நோயின் மூலத்துக்கே போனேன். மூலம் ஈரோட்டில் விசைத்தறி வைத்திருந்தது.

அந்த ஞாயிறு பவானிப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோவிலில் கிடா விருந்து. மாமனாரை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “ஒரு வார்த்தை பாராட்டிருங்க மாமா. அவ மனசு ஆறிரும்.”

மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லிப் பழகாத மனிதர். “அதுக்கென்னுங்க மாப்ள, இப்பவே செஞ்சுபோடலாம்” என்று நடந்தார். தாரணியிடம் போவார் என்று பார்த்தால், பந்திக்கு ஆள் கூப்பிட வைத்திருந்த மைக்கை எடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. எம்பொண்ணு பத்தாவதுல பர்ஸ்ட் வந்தப்ப நான் பாராட்டலைன்னு இன்னும் வெசனப்படுதாமுங்க. மாப்ள சொன்னாரு. அதனால இப்பப் பாராட்டிக்கிறேனுங்க. ரசம் ஊத்தறவங்க மூணாவது வரிசைக்குப் போங்க.”

பந்தியே கை தட்டியது. தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்த தாரணியைப் பார்த்து அவள் அத்தை, “ஏங்கண்ணு, இத்தன வருசமா அதையேவா நெனச்சுட்டிருந்த?” என்றார். பந்தி சிரித்தது. தாரணி அடுத்த இலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள். “ஏனுங்க, அதை நான் அப்பாவுக்குச் சொல்லலீங்க. உங்களுக்குச் சொன்னேன்.”

 

மிச்ச வகுப்புகளுக்கும் வந்தாள். மேடம் கேட்கும்போதெல்லாம், “ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது குழம்பு நன்றாயிருக்கிறது என்றால் போதும், “மாப்ள சொல்லச் சொன்னாருங்களா?” என்று ஒரு குரல் வரும். தாரணியும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

போன வருடம் அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பட்டத்தோடு வீட்டுக்குள் வந்தவளிடம், “ரொம்பப் பெருமையா இருக்குது தாரணி” என்றேன்.

“யாருங்க சொல்லச் சொன்னாங்க?” என்று கேட்டாள்.

அப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.