முறுக்கு இல்லை ஆன்டி, அதிரசம்!

தமிழ் இலக்கியம் படித்தவர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை. "தரை ஈரமாக இருந்தால் கவனமாக நடக்கவும்" என்று எங்களை எழுதச் சொல்லிப் பாருங்கள். அந்தத் தரை எப்படி ஈரமானது, அன்று காலை வானம் என்ன நிறத்தில் இருந்தது, தண்ணீரைக் கொட்டியவளுக்கு மனசில் என்ன குறை என்பதிலிருந்துதான் ஆரம்பிப்போம். நாங்கள் விஷயத்துக்கு வருவதற்குள் ஆள் வழுக்கி விழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே திரும்பியிருப்பார்.

யாரையோ கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். என்னைத்தான் சொல்கிறேன்.

பட்டம் வாங்கிய கையோடு (அங்கி போட்டு எடுத்த படம் கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் சாமி படத்துக்கு அடுத்த உயரத்தில் தொங்குகிறது) பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். தொழிற்சாலை, ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் வேலை செய்பவர்களுக்குக் கணினியில் பாடம் தயாரித்துக் கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். திரையில் கதை ஓடும், நடுவில் கேள்வி வரும், சரியான பதிலைத் தொட்டால்தான் 'நெக்ஸ்ட்' திறக்கும். அந்தக் கதையையும் கேள்வியையும் யோசித்து எழுதுகிற ஆளுக்கு 'லேர்னிங் டிசைனர்' என்று பெயர். ஒன்றும் தெரியாமலே நான் அந்த டிசைனர் ஆகிவிட்டேன்.

முதலாளி ரேச்சல் மேடம் சேர்ந்த வாரமே ஒரு வேலையைத் தூக்கிக் கொடுத்தார். மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. அங்குள்ள தமிழ்ப் பெண்களுக்குப் பாதுகாப்புப் பாடம் செய்ய வேண்டும். அது என் அம்மா பல வருஷமாக வேலை செய்துகொண்டிருந்த அதே தொழிற்சாலை.

"அப்புறம் என்ன வாணி, ஈசி லா! அவங்க வாழ்க்கையில நடக்கிற மாதிரி ஒரு கதை எழுது. ரியலா இருக்கணும்," என்றார்.

நான் எழுதினேன். 'மேருவின் கிழக்கு வானம் மெல்லச் சிவந்தது' என்று ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே வந்த ரேச்சல் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தரை எப்ப வரும்?"

"இன்னும் கொஞ்சம் போகணும் மேடம்."

"வானம் வேணாம். தரை போதும். ரெண்டு பொம்பளைங்க, ஒரு பிரச்சினை, ஒரு கேள்வி. முடிச்சுடு."

ரெண்டு பொம்பளைங்க, ஒரு பிரச்சினை. எனக்கு மூளைக்குள் பல்பு எரிந்தது. அது என்ன பல்பு என்று சொல்ல வேண்டுமானால் அம்மாவின் சிநேகிதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பெயர் சரோஜா. தினமும் வேலை முடிந்து வந்து, குளித்து, அடுப்படியில் நின்றபடியே அன்றைக்குத் தொழிற்சாலையில் நடந்ததை எனக்குச் சொல்வார். நான் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். அதில் அதிகம் வருவது பாக்கியம் ஆன்டியும் ஸ்டெல்லா ஆன்டியும். மூவரும் ஒரே லைனில் வேலை, கேன்டீனில் ஒரே மேசை, கம்பெனி பஸ்ஸில் அடுத்தடுத்த சீட்.

அந்த வருஷம் தீபாவளிக்கு பாக்கியம் ஆன்டி முறுக்கு சுட்டு, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி ஸ்டெல்லா ஆன்டிக்குக் கொடுத்தார். ஸ்டெல்லா ஆன்டி வீட்டில் வந்து குவிந்த பலகாரமே தின்ன ஆளில்லாமல் கிடந்தது. டப்பாவை அப்படியே அண்ணியிடம் தள்ளிவிட்டார். அண்ணி அதைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டார். (நம் ஊரில் தீபாவளி டப்பா ஊர் சுற்றுவது எல்லோரும் செய்வதுதான், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.) அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், பாவம், கை வீசிக்கொண்டு போகக் கூடாதே என்று அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு, தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து போடும் ஒரு தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்குப் போனார். போனது பாக்கியம் ஆன்டி வீட்டுக்கு. ஒட்டின டேப்கூடப் பிரியாமல் முறுக்கு சொந்த வீடு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கேன்டீன் மேசையில் நடுவில் அம்மா. "சரோ, சாம்பாரை நகத்தச் சொல்லு" என்று இந்தப் பக்கத்திலிருந்து வரும். அம்மா நகர்த்துவார். இதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாத, ரெண்டும் என்னைக் கொன்னுடும்" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. (தொழிற்சாலைச் சுவரில் பெரிசாகப் போட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்.)

அடையாளம் தெரியாமல் இருக்க எல்லா முன்னேற்பாடும் செய்திருந்தேன். பாக்கியம் ஆன்டி 'கமலா' ஆனார். ஸ்டெல்லா ஆன்டி 'லெட்சுமி' ஆனார். முறுக்கு அதிரசமானது. சிவப்பு மூடி நீல மூடியானது. இதற்கு மேல் எந்தத் துப்பறியும் நிபுணனும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

பரீட்சார்த்தமாகப் போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் தொழிற்சாலையின் பயிற்சி அறையில் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா அன்று முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தார். உள்ளே வருகிறவர்களிடம் எல்லாம், "என் மக செஞ்சது, வா வா, முன்னால உக்காரு" என்று கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல் வரவேற்றுக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் பாக்கியம் ஆன்டி, அம்மா, ஸ்டெல்லா ஆன்டி. பின்னால் ரேச்சல் மேடமும், தொழிற்சாலையின் மலாய் அதிகாரி கக் நோரும். கக் நோருக்குத் தமிழ் தெரியாது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அதுதான்.

படம் ஓடியது. நானே பதிவு செய்த என் குரல், வானொலி அறிவிப்பாளர் தோரணையில்: "கமலா தன் தோழி லெட்சுமிக்கு ஆசை ஆசையாய் அதிரசம் சுட்டு, நீல மூடி டப்பாவில் கொடுத்தாள். அந்த டப்பா மூன்று வீடு சுற்றிக் கமலாவின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது..."

பின் வரிசையில் யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். எனக்குப் பெருமை, நகைச்சுவை எடுபடுகிறது என்று. அம்மாவின் முதுகு மட்டும் விறைப்பானதைப் பார்த்தேன். ஏன் என்று அப்போதும் உறைக்கவில்லை.

"...இன்று லெட்சுமி நடந்துவரும் வழியில் தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கமலா பார்க்கிறாள். கமலா என்ன செய்ய வேண்டும்?"

திரையில் நான்கு பதில்கள். குரல் கொடுத்து லெட்சுமியை எச்சரிக்க வேண்டும். சூப்பர்வைசரைத் தேடிப் போக வேண்டும். துடைக்கும் துணியைத் தேடிப் போக வேண்டும். பார்க்காததுபோல் போய்விட வேண்டும்.

பாக்கியம் ஆன்டி எழுந்தார். நேராகத் திரைக்குப் போனார். நாலாவது பதிலை அழுத்தினார்.

சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. "மீண்டும் முயலுங்கள்," என்றது என் குரல், இனிமையாக.

"முயல முடியாது," என்றார் பாக்கியம் ஆன்டி. மறுபடியும் நாலாவது.

"அதானே! விழட்டும்னுதான் நிப்பா, எனக்குத் தெரியாதா!" என்றார் ஸ்டெல்லா ஆன்டி.

"அடுத்தவ சுட்டதைத் தொட்டுக்கூடப் பாக்காம தள்ளிவிட்டவ பேசுறா!"

"வீட்டுல இருந்ததைத் தின்னவே ஆள் இல்லடி! ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அறை முழுக்கப் பற்றிக்கொண்டது. பாதிப் பேர் கமலா கட்சி, பாதிப் பேர் லெட்சுமி கட்சி. "மீண்டும் முயலுங்கள்" என்று என் குரல் நடுநடுவே நாட்டாமை செய்துகொண்டிருந்தது. கக் நோர் ரேச்சல் மேடத்தின் தோளைத் தட்டி, "வாவ், எல்லாரும் ரொம்ப ஆர்வமா கலந்துக்கிறாங்களே!" என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். ரேச்சல் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

திடீரென்று பாக்கியம் ஆன்டி நிறுத்தினார். "அது சரி, இந்தக் கதை அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் ஒரே நேரத்தில் அம்மா பக்கம் திரும்பினார்கள்.

இங்கேதான் அம்மாவைக் காப்பாற்ற நான் பாய்ந்தேன். "ஐயோ ஆன்டி, இது முழுக்கக் கற்பனை! நல்லாப் பாருங்க. முறுக்கு இல்லை ஆன்டி, அதிரசம்!"

அவ்வளவுதான். கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தீபாவளியிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத பாக்கியம் ஆன்டியும் ஸ்டெல்லா ஆன்டியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவைத் திட்டுவதற்காக ஒன்று சேர்ந்துவிட்டார்கள்! அம்மா டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் தனியாக, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்ட பவுடர் அப்படியே இருந்தது.

ரேச்சல் மேடம்தான் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். என்னை இறக்கிவிடும்போது, "வேற கதை எழுது. அதுவும் சரியா வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது வாணி," என்றார். வேலை போய்விடுமே என்று எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை. மண்டைக்குள் அந்த பஸ் சீட்தான் நின்றது.

அடுத்த நாள் முதல் அம்மா கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் வந்து சமைத்தார், தொழிற்சாலைக் கதை மட்டும் சொல்லவில்லை. நான் வெங்காயத்தோடு போய் உட்கார்ந்தால், "நான் பாத்துக்கிறேன், நீ போய் வேலையப் பாரு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"என்னை ரெண்டு அடி அடிச்சிடும்மா."

"உன்னை அடிச்சு என்ன பண்றது? சொன்னது நான்தானே." கேஸைக் குறைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தார். "நீ படிக்கப் போனதும் என்னென்னவோ பேசின. எனக்கு ஒண்ணும் புரியல. நான் ஃபேக்டரிக் கதை சொல்றப்ப மட்டும் உக்காந்து கேட்ட. அதான், சொல்லிக்கிட்டே இருந்துட்டேன் போல."

அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் தலையைத் தடவினார். பிறகு, "புதுசா எழுதணும்னாங்களே, எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. யாரைப் பத்தி எழுதவும் பயமா இருக்கு."

"என்னைப் போடு."

"அம்மா!"

"என்னைப் போடுடி. நல்லாக் கிழிச்சு எழுது. பேரையும் மாத்தாத. நீ மாத்துற லட்சணத்தைத்தான் பாத்தோமே!"

அம்மாவே சொல்லச் சொல்ல எழுதினேன். தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு லைன் முழுக்கக் கண்ணாடி தேடுகிற சரோஜா அக்கா. அவசரத்தில் ஜோடி மாறிய சிலிப்பரோடு வேலைக்கு வருகிற சரோஜா அக்கா. பங்குஸாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியை ஆட்டிக்கொண்டே கதை பேசி, வழியெல்லாம் சிந்தி, சிந்தின இடத்திலேயே தான் வழுக்கி விழுகிற சரோஜா அக்கா. அடுத்தவர் கதையைப் பேசப் போய்த்தான் அந்தம்மா விழுகிறார் என்பதும் அம்மா சேர்க்கச் சொன்னதுதான். படம் வரைபவரிடம் தன் மூக்குத்தியைப் பெரிதாகப் போடச் சொல்லும்படி என்னைக் கேட்டதும் அம்மாதான்.

மறுபடி அதே அறை. முன் வரிசையில் பாக்கியம் ஆன்டியும் ஸ்டெல்லா ஆன்டியும், நடுவில் இருந்த நாற்காலியில் அவர்கள் பைகள். அம்மா கடைசி வரிசை ஓரத்தில். அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூக்குத்தி வந்தது. சிலிப்பர் வந்தது. "ஏய், இது நம்ம சரோடி!" என்று யாரோ கத்தினார்கள். கோப்பிப் பொட்டலத்தை ஆட்டியபடி, அந்தச் சரோஜா அக்கா கதை பேசிக்கொண்டே தான் சிந்தின இடத்தை நோக்கி நடந்தார். பாக்கியம் ஆன்டி வாயில் கையை வைத்துக்கொண்டு குலுங்கினார். கேள்வி வருவதற்கு முன்பே, யாரும் எந்தப் பதிலையும் தொடுவதற்கு முன்பே, ஸ்டெல்லா ஆன்டி தன்னை மறந்து கத்தினார்.

"சரோ! பாத்துடி, தரை ஈரம்!"

அறையே சிரித்தது. சிரித்து முடித்து ஸ்டெல்லா ஆன்டி திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் அம்மா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பாக்கியம் ஆன்டி நடு நாற்காலியிலிருந்து பைகளை எடுத்துக் கீழே வைத்தார். "அங்க என்னடி தனியா? வா," என்றார்.

வேலை எனக்கு நிலைத்தது. பாடமும் நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது தரை துடைத்தால் அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுப்பார், "சரோ, பாத்துடி!" என்று. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்கள் இன்னும் முதல் நாள் சரோஜா அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் லைனுக்குப் போகிறார்கள்.

போன மாதம் கிள்ளான் பாசாருக்கு அம்மாவோடு போயிருந்தேன். மீன் கடைகள் பக்கம் ஒரே தண்ணீர். திடீரென்று எதிரே வந்த ஓர் இளம்பெண் அம்மாவின் மூக்குத்தியைப் பார்த்து நின்றாள். காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரோஜா அக்கா, பாத்து! தரை ஈரம்!"

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த ஈரத்தைத் தாண்டும் வரை கையை விடவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"யாரும்மா அது?" என்றேன்.

"தெரியலையே. நான் வேலைய விட்டு நின்னதுக்கப்புறம் சேந்த பிள்ளையா இருக்கும்." அம்மா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் விழுந்துடக் கூடாதுன்னு எப்படி ஓடி வர்றா பாரு."