எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் அக்கா நலமென்று எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

நூலக வேலையை விட்டுவிட்டு என்னோடு துணி கிளிப் ஏற்றுமதியில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். நான் யாரையும் வற்புறுத்துகிற ஆள் இல்லை. புள்ளிவிவரம் சொல்வதைச் சொல்கிறேன். இந்த வருஷம் மார்ச்சில் நம் கிளிப் ஒரு கன்டெய்னர் வெளிநாடு ஒன்றுக்குக் கப்பலேறியது. அதோடு சரக்கு வேலையைத் துறைமுக ஏஜென்ட்டிடம் ஒப்படைத்து, "நல்ல சேதி இருந்தா மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, சுங்கத்துறை மாதாமாதம் வெளியிடும் ஏற்றுமதி இறக்குமதிப் பட்டியலோடு நான் உட்கார்ந்துவிட்டேன், சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம், உன் அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள், "ஒரு தடவை கிடங்குக்குப் போய்த்தான் பாருங்களேன்" என்று அவள் சொல்ல, "கிடங்குல பெட்டிதான் தெரியும், உலகம் தெரியுமா?" என்று நான் கேட்க, அன்றிலிருந்து எனக்கு நானேதான் பரிமாறிக்கொள்கிறேன்.

பட்டியலில் யார் பெயரும் இருக்காது. பொருள், எடை, நாடு, அவ்வளவுதான். மார்ச்சில் எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ கிளிப் அந்த நாட்டுக்குப் போயிருக்கிறது. ஜூனில் அங்கிருந்து அதே எடை இங்கே வந்திருக்கிறது. ஆகஸ்டில் மறுபடி போனது, நவம்பரில் மறுபடி வந்தது. அவர்களுக்கு நம் கிளிப் மேல் ஆசை, நமக்கு அவர்கள் கிளிப் மேல் ஆசை. ஒரு கிலோ கூடக்குறைய இல்லை. இவ்வளவு ஒழுங்கான சந்தையை நான் கண்டதில்லை. ஏஜென்ட்டும் ஆகஸ்டில் கூப்பிட்டு, "சரக்கு போயாச்சு சார்" என்றார். இரண்டாவது சரக்கை எப்போது தயாரித்தோம் என்று உன் அக்கா கேட்டாள். அதையெல்லாம் பார்க்கத்தானே ஏஜென்ட். திங்கட்கிழமையே ராஜினாமாவைக் கொடுத்துவிடு.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா கிடங்கிலிருந்து வந்தாள். பெட்டிகள் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றனவாம், நம் முத்திரையோடு. ஸ்பிரிங் சரியில்லை என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஏஜென்ட்டைக் கேட்டால், "திரும்பி வந்தது நல்ல சேதி இல்லையே சார்" என்கிறார். ஆக, அந்தச் சந்தை முழுக்க நான் ஒருவன்தான். வெட்கமாக இருக்கிறது. வேலையை விடாதே. போனில் நான் பேசியதைக் கேட்டு ஏற்கெனவே விட்டுவிட்டாய் என்றால் உடனே கிளம்பி வா. எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோவுக்கும் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், உன் அக்கா தொடவே மாட்டேன் என்கிறாள்.