கண்டுக்காதது

"பாமா, கொஞ்சம் இங்க வாயேன். போட்டோவுல உன்னைக் காணோம்."

"ஞாயித்துக்கிழமை காலையிலயே ஆரம்பிச்சாச்சா?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

வைத்தீஸ்வரன் விளையாடவில்லை. படங்களைச் சுருக்கும் மென்பொருள் எழுதுவது அவன் உத்தியோகம். கண் கண்டுகொள்ளாததைத் தூக்கி எறி, கண்டுகொள்வதை மட்டும் வை. படம் பத்தில் ஒரு பங்காகிவிடும், பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. எதைக் கண்டுகொள்வது என்று அதற்குக் கற்றுத்தர ஒரு ஜோடிக் கண் வேண்டுமே! ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பெங்களூர் அடுகோடியிலிருந்த வீட்டுக்கே தூக்கிவந்து, ஒரு வாரமாகப் படத்துக்குப் படம் தட்டிக்காட்டித் தன் கண்ணையே கற்றுத்தந்திருந்தான் மனுஷன்.

பிறகு லால்பாக் வாசலில் எடுத்த போட்டோவைச் சுருக்கினான். ஸ்கூட்டர் இருந்தது. ஓட்டுகிற அவன் இருந்தான், முறுக்கிய மீசை உட்பட. பின் சீட்டில் பாமா இல்லை.

பாமா கரண்டியோடு வந்து நின்றாள். "எங்க, காட்டுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் புடவைக் கரை சதுரம் சதுரமாக உடைந்திருந்தது, மட்டமாகச் சுருக்கிய படத்தில் உடையுமே, அப்படி.

"என்ன முழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஸ்வல்ப இரு, குவாலிட்டிய ஏத்திப் பாக்கறேன்."

ஏற்றினான். மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. ஸ்கூட்டர் நம்பர் பளிச்சென்று வந்தது. பாமா வரவில்லை. பக்கத்திலோ கரண்டி மட்டும் அந்தரத்தில் நின்றது. பிடித்திருந்த கையைக் காணோம்.

"ஐயோ, கை!"

"நேத்து வச்ச மருதாணி. இப்பதான் கண்ணுல பட்டுதா?"

ஒரிஜினல் படத்தையாவது திறப்போம் என்று பாய்ந்தான். அதே பெயரில் அதன் மேலேயே சேமித்திருந்தான், மகானுபாவன். ஒரிஜினல் போயே போச்சு.

இப்போது அவள் முகத்தில் மூக்குத்திக்கு மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போயிடாத பாமா! நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா?"

"எதுக்கு அழறீங்க? ஆமா, அது யாரு கண்ணக் கத்துக்கிட்டுது?"

"என்னுது."

"அதான பாத்தேன். நகருங்க. என் கண்ணக் கத்துக்கட்டும்."

உட்கார்ந்தாள். இருக்கிற ஒரு கையால், படத்துக்குப் படம் தன் கண்ணில் பட்டதையெல்லாம் மடமடவென்று தட்டினாள். கடைசியில் அவன் காட்டிய பட்டனையும் அழுத்தினாள்.

பின் சீட்டில் பாமா! கம்மல், கனகாம்பரம், காற்றில் பறந்த முந்தானை நுனி வரைக்கும். நாற்காலியிலும் முழுசாக இருந்தாள், பத்து விரலோடு. அழிந்துபோன படம் எங்கிருந்து திரும்பியது என்று அவன் யோசிக்கவில்லை. வந்தாளே, அது போதும்.

"வந்துட்ட! வந்துட்ட!" என்று குதித்தான்.

அவள் திரும்பவில்லை. படத்தில் தன்னையே ரசித்துக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினான். ஈ உட்கார்ந்ததுபோல் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு யூனிஸ், சர்ச்சிலிருந்து திரும்புகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"வா யூனிஸ், இந்த போட்டோவப் பாரேன். எல்லாம் சரியா இருக்கா? எதாவது குறையுதா?"

யூனிஸ் திரைக்கு முன்னால் குனிந்து பார்த்தாள்.

"சூப்பரா இருக்கீங்க அக்கா. ஆனா வண்டிய யாரு ஓட்றாங்க?"