தலைப்பொங்கலும் ஓர் அப்கிரேடும்

தலைப்பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம், லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. புது மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் கிடைக்கிற மரியாதை தானாக வருவது. சும்மா உட்கார்ந்து சாப்பிட்டாலே அது நிலைக்கும். வேலை செய்து காட்டப் போனால்தான் வம்பு. (இதெல்லாம் இப்போது தெரிகிறது.)

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். அறுவடை மிஷின் வேண்டுமென்று விவசாயிகள் போனிலேயே பதிவு செய்வார்கள். கிளவுடில் ஓடுகிற ஒரு சர்வீஸ் அந்தப் பதிவுகளை வரிசையாகப் படித்து, எந்த வயலுக்கு எந்த மிஷின் என்று முடிவு செய்து, விவசாயிக்கும் டிரைவருக்கும் மெசேஜ் அனுப்பும். அதன் பழைய வெர்ஷனுக்கு ஆயுசு முடிகிற நேரம், புது வெர்ஷனுக்கு மாற்றியாக வேண்டும். மாட்டுப்பொங்கலன்று மிஷின்கள் ஓடாது, பதிவுகளும் வராது. அதனால் அன்று பிற்பகல் மாற்றுவதென்று ஏற்பாடு.

எங்கள் டீம் லீடர் பெனாசிர் அக்கா, கூத்தாநல்லூர்க்காரர். அவர் வேலை செய்வதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். இந்த மாற்றத்தையும் ஒத்திகையாகத் தானே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டார். அன்று அவர் தங்கைக்கு நிக்காஹ் என்பதால்தான் என்னிடம் வந்தது.

"தம்பி, எல்லாம் தானா ஓடும். கடைசியில ஒரே ஒரு கேள்வி கேக்கும், பதிவை எங்கேர்ந்து படிக்கணும்னு. விட்ட இடத்துலேர்ந்துன்னு குடுங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

அவ்வளவுதான் என் வேலை!

மாமனாருக்குக் கீழ்வேளூர் பக்கம் பத்து மா நிலம், மூன்று ஏக்கர் சொச்சம். சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. மழை வரும் என்று ரேடியோவிலும் சொல்லிவிட்டார்கள். சாய்ந்த கதிர் நனைந்தால் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும், அந்த வருஷத்து உழைப்பே போய்விடும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலை மிஷின் வருவதாக எங்கள் கம்பெனி மெசேஜ் அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. மிஷினும் ஊர் எல்லையில் வந்து நின்றுவிட்டது. "மாப்ள கம்பெனி" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார் மனுஷன்.

கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். பின்னால் மாமனார், அவர் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர்கள். அத்தை வடைத் தட்டோடு வந்து நின்றார்.

"என்ன மாப்ளே ஓடுது?" என்றார் மாமனார்.

"வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டிருக்கும்போதே மதகை மாத்துற வேலை மாமா."

"தண்ணிய நிறுத்தாமலா? அடேங்கப்பா!"

அவர் வியந்ததில் தப்பில்லை. உண்மையிலேயே அது அழகான வேலை. புது வெர்ஷன் ஒவ்வொரு பாகமாக எழுந்து நின்று, தன்னால் தாங்க முடியும் என்று காட்டிய பிறகுதான் பழையது ஒதுங்கும். பச்சை டிக் ஒவ்வொன்றாக விழ விழ, ஏதோ நானே அதைக் கண்டுபிடித்ததுபோல் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். (பனியனில் காலர் ஏது? இருந்தாலும் தூக்கினேன்.)

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"என்னவாம்?"

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கவா, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கவான்னு கேக்குது மாமா."

"நல்ல நாளும் அதுவுமா விட்ட குறையிலேர்ந்து எதுக்கு? முதல்லேர்ந்தே போடுங்க மாப்ளே!"

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. அக்கா சொன்னது காதில் ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் கல்யாணமாகி மூன்று மாதம், விரலில் மாமனார் போட்ட மோதிரம், வாயில் அவர் வீட்டு வடை. அத்தனை பேர் முன்னால் மாமனாரிடம் முடியாது என்று சொல்கிற தைரியம் எந்த மாப்பிள்ளைக்கு இருக்கிறது? முதலிலிருந்து என்று கொடுத்தேன்.

மாமனார் போன் கிணுகிணுத்தது. 'நாளை காலை உங்கள் வயலுக்கு அறுவடை இயந்திரம் வரும்.' "பாத்தீங்களா!" என்று எல்லாருக்கும் காட்டினார். உடனே இன்னொன்று. அடுத்து அவர் தம்பி போன், பிறகு தெருவே கிணுகிணுத்தது. போன வருஷத்துப் பதிவுகளையெல்லாம் புதிதாக வந்தவையென்று நினைத்து அது படிக்க ஆரம்பித்திருந்தது. பழைய வெர்ஷனாக இருந்தால் சாயங்காலம் வரை படித்திருக்கும், நடுவில் பிடித்திருக்கலாம். புதியது படு வேகம். நான் நிறுத்துவதற்குள் எல்லாருக்கும் அனுப்பி முடித்துவிட்டது. அதற்காகத்தானே மாற்றினோம்!

அழைப்புகள் வர ஆரம்பித்தன. "நான் துபாய்ல இருக்கேன், இங்க எந்த வயல்ல அறுக்கப் போறீங்க?" என்றார் ஒருவர். நாகப்பட்டினம் ரோட்டிலிருந்து இன்னொருவர்: "அது இப்ப இறால் குட்டை தம்பி. இறாலை அறுக்கவா மிஷின் அனுப்புறீங்க?"

அக்காவைக் கூப்பிட்டேன். மண்டபத்து இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"நிறுத்திட்டீங்களா? நல்லது. விட்ட இடம் எதுன்னு காலையிலயே எடுத்து வெச்சிட்டேன். உங்கள நம்பாம இல்ல." (நம்பாமல்தான்.) "முதல்லேர்ந்து போடச் சொல்லி யாரு சொன்னா?"

மாமனார் எதிரிலேயே நின்றார். "நானாத்தான் அக்கா," என்றேன்.

சட்டென்று போனை வாங்கினார் மாமனார். "நாந்தாம்மா சொன்னேன். மாப்ளய ஒண்ணும் சொல்லிடாதீங்க. என் வாய்க்கொழுப்பு."

அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. அக்கா பெண் வீட்டுக்காரியாக நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சரிசெய்து, முந்தைய தகவலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அத்தனை பேருக்கும் மெசேஜ் அனுப்பினார். அது போய்ச் சேராதது ஒரே ஒரு டிரைவருக்கு. அதற்குள் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவர் ஓட்டுவது மாமனாருக்கென்று வந்த மிஷின்.

விடிந்து பார்த்தால் ஊர் எல்லையில் மிஷினைக் காணோம். கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. "என்னங்க, அப்பா நெல்லு..." என்று என் மனைவி மதி ஆரம்பித்து முடிக்காமல் நிறுத்தினாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. லேப்டாப்பைத் திறந்து அந்த டிரைவருக்குப் போன மெசேஜைத் தேடினேன். அதே இறால் குட்டை!

மாமனாரின் மொபெட்டில் இருவரும் பறந்தோம். குட்டைக்கரையில் மிஷின் நின்றது. "மெசேஜ் வந்துச்சு, வந்தேன் சார். வயலைத்தான் காணோம்," என்றார் ஆத்தூர்க்கார டிரைவர். "என் கரைய ஒடைச்சிடுவான்யா!" என்று குட்டைக்காரர் குதித்துக்கொண்டிருந்தார். மாமனார் அவர் தோளில் கையைப் போட்டு, "நம்ம வீட்டு மாப்ள பண்ணின கூத்து, மன்னிச்சிக்குங்க," என்றதும் அவர் சிரித்துவிட்டார். திரும்பும்போது மாமனார் மொபெட்டில் முன்னால், நான் மிஷினில் டிரைவர் பக்கத்தில். வழியில் டீ குடிக்க டிரைவர் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு.

கடைசி வரப்பு வரைக்கும் அறுத்து, நெல்லின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடும்போது முதல் தூறல் விழுந்தது. மாமனார் நனைந்துகொண்டே தார்ப்பாயைத் தட்டிப் பார்த்தார்.

"மிஷின் காலையில வரும்னு போட்டிருந்தீங்க மாப்ளே, மதியமாயிடுச்சு. அடுத்த தடவை மெசேஜ்ல நேரத்தையும் சரியா போடச் சொல்லுங்க."

இறாலை அறுக்கப் போன மிஷினின் கதை இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்திக்குப் பந்தி பரிமாறப்படுகிறது. அது போகட்டும். பெனாசிர் அக்காவுக்கு மாமனாரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு அப்கிரேடிலும் முதல் மெசேஜ் இப்போது மாமனார் போனுக்கு மட்டும்தான் போகும். அவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு.

அடுத்த பொங்கலுக்குப் போயிருந்தபோது லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன். மாமனார் போன் அடித்தது. வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரு மாமா?"

"ஆபீஸ்லேர்ந்து. புது வெர்ஷன் மாத்தியாச்சாம். உங்ககிட்ட அப்பறமா சொல்லிக்கலாம்னாங்க," என்றார். "நீங்க சாப்பிடுங்க மாப்ளே."